பிணமாக நடித்தவர் எழுந்து சிரிக்க வேண்டும்

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு படத்தில் இறந்துபோன தாத்தாவாக நான் தேவைப்படுவதாகவும், ஆனால் அதற்காக எங்கும் வந்து படுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். தென்காசிக்கே இரண்டு பேர் வருவார்களாம். என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பெஞ்சில் கிடத்துவது, மாலை போடுவது, பாடையில் தூக்குவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்துவிடும்.

"உங்களுக்குச் சிரமமே இல்ல சார்" என்றார்.

"சரி, கடைசியில் சிரிப்பது யார்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "அது சாவு சீன் சார். அதுல உங்களுக்குச் சிரிப்பு கிடையாது" என்று பொறுமையாக விளக்கினார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் நம் நடிகர் சங்கத்து மலருக்காக இளைய நடிகர்கள் சிலர் என்னிடம் ஓர் அனுபவக் கட்டுரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தத் தொலைபேசி உரையாடலுக்குப் பிறகு, இனி ஒத்திப்போட்டால் எழுத மாட்டேன் என்று தோன்றியது. உடம்பும் மனமும் களைத்திருக்கின்றன. ஆகையால் சுருக்க வேண்டியதைச் சுருக்கிவிடுகிறேன்.

தென்காசியில் பிறந்தேன். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்து, சில காலம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். என் தோல் வெளுப்பு. கண்கள் பூனைக்கண்கள். இந்த இரண்டையும் கல்லூரி ஆண்டுவிழா நாடகத்தில் பார்த்த ஒரு நாடகக் குழுக்காரர், தம் குழுவில் வெள்ளைக்காரத் துரை வேடம் போட்டவர் திடீரென்று விலகிவிட்டதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனார். ஒரு மாதத்துக்கு என்று போனவன் திரும்பவில்லை. கோமாளித் துரை என்பது அப்போது ஒவ்வொரு நாடகத்திலும் இருந்த வேடம். தொப்பி, பிரம்பு, இறுக்கமான காற்சட்டை. ஆங்கிலத்தில் பிழை இருக்கக் கூடாது; தமிழில்தான் இருக்க வேண்டும். நான் தமிழைச் சிதைத்துப் பேசப் பேச ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு சினிமாவிலும் அதே துரைதான். ஆடு துரத்தியிருக்கிறது. சாணிக்குழியில் விழுந்திருக்கிறேன். குற்றாலத்தில் அருவித் தண்ணீர் அடித்து என் வெள்ளை மீசை பாறையில் ஒட்டிக்கொள்ள, அதைத் தேடி எடுக்க உதவி இயக்குநர் ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டதும் உண்டு. இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் இப்படி ஓடிற்று.

பின்னர் துரைகள் வருகிற கதைகள் குறைந்தன. சில படங்களில் ஜமீன்தாராக வந்தேன். என் தலை நரைத்தது, கன்னம் ஒட்டியது. தயாரிப்பாளர்கள் எனக்கு வேறொரு வேடம் கண்டுபிடித்தார்கள். வீட்டுப் பெரியவர் இறந்துவிடுவார். மகன்களும் மருமகன்களும் பிணத்தைச் சுற்றி நின்று சொத்துக்குச் சண்டை போடுவார்கள். குடித்துவிட்டு வந்த பங்காளி மாலையைத் தவறான ஆளுக்குப் போடுவான். சிரிப்பெல்லாம் அவர்களுடையது. நடுவில் கிடக்கும் பிணம் நான்.

இதை எளிய வேலை என்று நினைப்பவர்களுக்காகச் செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மூச்சை மார்பால் விடக் கூடாது. அடிவயிற்றால், அதுவும் மிகக் குறைவாக விட வேண்டும். கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன் மூச்சை முழுதும் இழுத்துவைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பாதியை வெளியே விட்டுவிட்டு நிறுத்தினால்தான் நெஞ்சு எழும்பாது. கண்ணை மூடினால் மட்டும் போதாது. மூடிய இமைக்குள் விழி அலையும், அது திரையில் தெரியும். ஆகவே உள்ளுக்குள்ளேயே மூக்கின் நுனியைப் பார்ப்பதுபோல விழியைத் தாழ்த்தி நிறுத்திக்கொள்ள வேண்டும். நாடிக்கட்டு, அதாவது தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடியும் துணி, பார்க்க இறுக்கமாகவும் உண்மையில் தளர்வாகவும் இருக்க வேண்டும். மூக்கில் பஞ்சைப் பாதிதான் வைப்பார்கள், மூச்சுக்கு வழி விட்டு. பூமாலையிலிருந்து எறும்பு இறங்கும். அதற்கு மருந்து இல்லை. எல்லாவற்றிலும் கடினம், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பு மூட்டும்போது அசையாமல் கிடப்பது.

இது முடிந்தபின் ஒரு வழக்கம் உண்டு. நம் சினிமாவில் பிணமாகப் படுத்தவர், அந்தக் கோலத்திலேயே எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதைப் படம் பிடிப்பார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அதன் பிறகுதான் பஞ்சை எடுக்கலாம். அந்தத் துண்டு எந்தப் படத்திலும் சேராது. நடித்த சாவு மெய்யாகிவிடக் கூடாது என்பதற்காகப் பிடித்து, அப்படியே எறிந்துவிடுவார்கள்.

முதல்முறை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, இதை வேடிக்கைக் கதையாக என் மனைவி கோமதியிடம் சொன்னேன். அவள் தென்காசியில் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை. கிரகணத்தன்று எங்கள் தெருவில் அடுப்பு மூட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க சிரிச்சியளா?" என்று கேட்டாள்.

"சிரிச்சேன். ஏன், நீ இதையெல்லாம் நம்புதியா?"

"நம்புததுக்கு இதுல என்ன இருக்கு? எழுந்திரிச்சவர் எழுந்திரிச்சாச்சுன்னு காட்டணும்லா. படுத்ததை மட்டும் பிடிச்சிட்டு விட்டுட்டா, அது பாதிப் பாடத்துல மணி அடிச்ச மாதிரி."

அன்றிலிருந்து, நான் எந்த ஊரில் பிணமாகப் படுத்தாலும் மாலையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவேன். "சிரிச்சாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். "சரி, சாப்பிடுங்க" என்று வைத்துவிடுவாள். உரையாடல் அவ்வளவுதான்.

நான் அதிகம் பணியாற்றியது ஓர் இயக்குநரிடம். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. கூச்சலே மொழியாக இருக்கும் ஒரு தொழிலில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விளக்குப் பிடிப்பவர் முதல் கதாநாயகன் வரை எல்லாரும் அவருக்கு 'சார்'தான். முடியாது என்று சொல்லவே மாட்டார். "பாத்துக்கலாம் சார்" என்பார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். கண்ணாடியைத் துடைத்துவிட்டால் அந்த விஷயம் முடிந்துபோயிற்று என்று பொருள். ஒரு காட்சி நன்றாக அமைந்தாலும் பாராட்ட மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம் "டீ சொல்லுங்க சார்" என்பார். அந்த டீயைவிடப் பெரிய விருது எங்களுக்கு இருக்கவில்லை. தான் எடுக்கும் நகைச்சுவைக்குத் தான் சிரித்ததே இல்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "சிரிக்கிறது ஜனங்க வேலை சார். அதையும் நாமளே செஞ்சுட்டா அவங்க எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?" என்றார்.

அவருடைய படம் ஒன்றுக்கு எங்கள் பக்கமே படப்பிடிப்பு நடந்தது. அது ஃபிலிம் சுருள் காலம். படக்குழு குற்றாலத்தில் தங்கியிருந்தது. சாவு வீடாக வடகரையில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு பழைய வீட்டைப் பிடித்திருந்தார்கள். எனக்கு ஒருநாள் வேலை. மறுநாள் சுடுகாட்டுக் காட்சியில் முகம் தெரியாது, வேறொருவர் படுப்பார்.

அதே மறுநாள் காலையில் கோமதிக்குத் தென்காசியில் வயிற்றில் அறுவை. கட்டி ஒன்று. முன்பே இரண்டுமுறை தள்ளிப்போயிருந்தது. அறுவை செய்பவர் திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒருநாள்தான் வருவார். இனியும் தள்ளுவது நல்லதல்ல என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். முந்தைய நாள், அதாவது என் வேலை நாளன்றே, மாலை ஆறு மணிக்குள் மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும். நண்பகலில் என் வேலை முடிந்துவிடும்; இருவரும் சேர்ந்தே போகலாம் என்று திட்டம். இதைப் படக்குழுவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. வீட்டை வேலையிடத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கு இல்லை.

அன்று சாரல் விடவில்லை. கொஞ்சம் வெயில் வரும், விளக்கைப் போடுவார்கள், மலையிலிருந்து சாரல் மறுபடி இறங்கிவிடும். நான் பஞ்சும் நாடிக்கட்டுமாகக் காலையிலிருந்து கிடந்தேன். அழுவதற்கு அழைத்து வந்திருந்த வடகரைப் பெண்கள் என் தலைமாட்டில் உட்கார்ந்து தங்கள் வீட்டுக் கதைகளைப் பேசித் தீர்த்தார்கள். கடைசிக் காட்சி முடியும்போது மாலையாகிவிட்டது. இயக்குநர் டீ சொன்னார். எல்லாரும் அவசரமாகச் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். கேமராவின் தலையிலிருந்து ஃபிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஒப்பனைக்காரர் என் மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டார். பூசணிக்காய் ஓர் ஓரத்தில் உடையாமல் கிடந்தது.

அந்த வீட்டுத் தொலைபேசியிலிருந்து கோமதியை அழைத்தேன்.

"சிரிச்சாச்சா?"

ஆச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் நான் எப்போதும் மோசமான நடிகன். "இல்ல. ஃபிலிம் குறைவா இருக்காம். நீ நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு. நான் பின்னாலயே வாரேன்" என்றேன்.

"சிரிக்காம ஏன் வாரிய?"

"அதை இன்னொரு நாள் எடுத்துக்கிடலாம் கோமு."

"நாளைக்கு நான் மேசையில மயக்கத்துல கிடப்பேன். இங்கன ஒருத்தி படுத்துக் கிடக்க, அங்கன ஒருத்தர் எழுந்திரிக்காமலே கிடந்தா, யாரு யாரைப் பாக்கது? நீங்க முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் போய்ப் படுக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள்.

இயக்குநரிடம் போனேன். சிரிப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மிஞ்சியிருந்தது ஒரு சுருள்தான் என்றும், அது சுடுகாட்டுக் காட்சிக்கு வேண்டும் என்றும், சென்னையிலிருந்து புதிய பெட்டி வர இரண்டு நாளாகும் என்றும் சொன்னார். எல்லாம் உண்மை. "என் மனைவி கேட்பாள்" என்றேன். அறுவையைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. "பாத்துக்கலாம் சார்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் முற்றத்துத் தூணில் சாய்ந்து நின்றேன். மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் அவளைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போவதா, மறுபடி போய்க் கேட்பதா என்று முடிவு செய்ய முடியாமல் நின்றிருந்தபோது, தோப்பு வழியாக ஓர் ஆட்டோ நனைந்தபடி வந்தது. கோமதி இறங்கினாள். கையில் கூடை. கூடைக்குள் ஃபிளாஸ்க், போர்வை, தலையணை. மருத்துவமனைக்கென்று காலையிலேயே கட்டிவைத்திருந்தது.

தயாரிப்பு நிர்வாகி சுடலைமுத்து ஓடி வந்தார். செங்கோட்டைக்காரர், எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். விஷயத்தை அவளிடம் கேட்டறிந்து பதறிப்போனார்.

"ஏன் மதினி, தென்காசி ஆஸ்பத்திரிக்கு வடகரை வழியாவா போவாக?"

"எல்லா வழியும் அங்கனதான்லே போகுது. உங்க அண்ணாச்சி இன்னும் சிரிக்கலையாமே?"

"இந்தா, இப்பமே சிரிக்க வச்சிருதேன்" என்று சுடலைமுத்து என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார். பனியனோடு நின்ற கேமரா உதவியாளரின் காதில் ஏதோ சொன்னார். அவர் கேமராவை என் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தார். "ம், சிரிங்க அண்ணாச்சி."

கோமதி கேமராவைச் சுற்றி வந்து பார்த்தாள். "தலையில இருந்த பெட்டியைக் கழத்திக் கீழ வச்சிட்டு எதுலடே பிடிப்ப? உன் பனியன்லயா?"

சாமான் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கைகளை நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் உள்ளேயிருந்து வந்தார். அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அம்மா, ஃபிலிம் கொஞ்சம்தான் இருக்கு" என்று தொடங்கினார்.

"எனக்கும் நேரம் கொஞ்சம்தான் இருக்கு சார். ஆறு மணிக்குள்ள போய்ப் படுக்கணும். காலையில வயித்தக் கிழிக்காங்க. நீங்க பாத்துக்கலாம்னு சொல்லுவியன்னு இவங்க வீட்ல சொல்லியிருக்காங்க. அதை இப்பமே பாத்திருங்க."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்லவில்லையே என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் துடைக்கவில்லை. அதைக் கையில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பெட்டியை மாட்டுங்க சார்" என்றார்.

மறுபடி பஞ்சு வைத்தார்கள். நாடிக்கட்டு கட்டினார்கள். நெற்றியில் காசை ஒட்டினார்கள். படுத்து, எழுந்து உட்கார்ந்தேன். கேமரா ஓடிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையாகச் சிரிக்கத் தெரியாதவன் அல்ல நான். துரையின் சிரிப்பைச் சிரித்தேன். "இது துரை. நிறுத்துங்க" என்றாள் கோமதி. கேமரா நின்றது. இன்னொன்று சிரித்தேன். "இது ஜமீன்தார்." மூன்றாவதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சுருள் குறைந்துகொண்டிருந்தது. ஒளிப்பதிவாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் அசையவில்லை. நான் அவளைப் பார்த்தேன். கூடையைக் கையில் மாட்டியபடி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி இருந்திருக்க வேண்டும். இதற்குமேல் என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருந்த வடகரைப் பெண் ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படியேதான் உக்காந்திருந்தாக. மூக்குல பஞ்சு மட்டும்தான் இல்ல."

பஞ்சு ஒன்று தெறித்து விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. நெற்றிக் காசு எங்கே போனதென்று தெரியவில்லை. அழ வந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சுடலைமுத்து பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேமராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அன்று சுடுகாட்டுக்கென்று வைத்திருந்த ஃபிலிமில் பெரும்பகுதி என் சிரிப்பில் போய்விட்டது.

இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. ஓசை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"டீ சொல்லுங்க சார். முதல்ல அம்மாவுக்கு."

படக்குழு வேனிலேயே மருத்துவமனைக்குப் போனோம். என் முகத்தில் பிணத்துக்கான பூச்சு இருந்ததால் வாசற்காவலர் என்னை நோயாளி என்று எண்ணித் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கோமதி அதற்கும் ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. மறுநாள் அறுவை நன்றாக முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து, என்னை அடையாளம் கண்டு, காய்ந்த உதடுகளை விரித்துப் பல்லைக் காட்டினாள்.

"நானும் சிரிச்சாச்சு" என்றாள்.

அதன்பின் நெடுங்காலம் இருந்தாள். நானும் பல படங்களில் பிணமாகக் கிடந்தேன். டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் செலவு என்ற பேச்சே போயிற்று. சிரிப்பை எடுப்பது எளிதாயிற்று. மாலையில் கேள்வி வரும், பதில் சொல்வேன், சாப்பிடுவேன். கணினிக்குள் இறக்கும் மனிதருக்கு இந்த வழக்கம் தேவையா என்று எனக்குத் தெரியாது. அந்த இளைஞருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த ஆண்டு பங்குனியில் கோமதி காலமானாள். காய்ச்சல் என்று படுத்தவள். மிகக் குறைந்த நாட்களில் முடிந்துபோயிற்று.

வீட்டுக் கூடத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நாடிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவிழ்த்து நேராகக் கட்டினேன். தளர்வாகக் கட்டித்தான் என் கைக்குப் பழக்கம். இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். மூக்கில் பஞ்சை முழுதும் வைத்திருந்தார்கள். சுடலைமுத்து வந்திருந்தார். வயதாகிவிட்டது அவருக்கும். வாசலோரம் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. பெண்கள் அழுது முடித்தார்கள். சடங்குகள் ஒவ்வொன்றாக நடந்தன. தூக்குவதற்கு முன், முகத்தை மூடப் போகிறார்கள், கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மகள் மீனா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

அருகில் போய் நின்றேன். அங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. குனிந்து, அவள் காதருகில், அவள் என்னிடம் மாலைதோறும் தொலைபேசியில் கேட்டதைக் கேட்டேன். சற்று நேரம் காத்திருந்தேன்.

"என்னப்பா சொன்னிய அம்மாட்ட?" என்று மீனா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. தொழில் விஷயம்."